குழந்தைக்கு ஒரு சின்னப் போர்வை

நம் வீட்டு ஆண்கள் தொழுகைக்கு அணியும் வெள்ளை வலைத் தொப்பி கையால் பின்னியதாக இருந்தால், அதை எடுத்து உற்றுப் பாருங்கள். ஒரே நூலை வளையத்துக்குள் வளையமாகக் கொக்கி ஊசியால் இழுத்து இழுத்துச் செய்தது. இதுதான் குரோஷா. இதே ஊசியால் குழந்தைக்குப் போர்வையும் பின்னலாம். ஆனால் தொப்பிக்கு அழகாக இருப்பது போர்வைக்கு ஆகாது. தலைக்குக் காற்றுப் போகட்டும் என்று தொப்பியில் ஓட்டை விடுகிறோம். போர்வையில் ஓட்டை இருந்தால் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் ராத்தாவின் பிள்ளைக்கு முதலில் பின்னிக் கொடுத்தது சிப்பி சிப்பியாகப் பூ விழும் பின்னல். பார்த்தவர்கள் எல்லாம் மாஷா அல்லாஹ் என்றார்கள். இரண்டாம் நாளே, காலை உதைத்து விளையாடிய பிள்ளையின் சுண்டுவிரல் ஓட்டையில் சிக்கிவிட்டது. கத்தரிக்கோலால் பின்னலை வெட்டித்தான் விரலை எடுத்தோம். நூல் இறுக்கிச் சுற்றிக்கொண்டால் விரலுக்கு இரத்தம் போகாது. காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் கைவிரல், கால்விரல்களைப் பிரித்துப் பாருங்கள். தலைமுடி ஒன்று சுற்றியிருந்தால்கூட இப்படி ஆகும்.

ஆகவே நெருக்கமான ஒற்றைப் பின்னலே போதும். முந்தைய வரிசைப் பின்னலுக்குள் ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலை ஊசியில் போட்டு இரண்டின் வழியாகவும் இழுத்தால் ஒரு பின்னல் ஆயிற்று. வீடியோ பார்த்துக் கற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க முறையில் ‘சிங்கிள்’ என்பதைத்தான் பிரிட்டிஷ் முறையில் ‘டபுள்’ என்கிறார்கள்.

நம் ஊர் வெக்கைக்குப் பருத்தி நூல் நல்லது. அக்ரிலிக் விலை குறைவு, நிறமும் நிறைய உண்டு. ஆனால் வியர்க்கும், நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி சில குழந்தைகளுக்கு அரிக்கும். நடுத்தரக் கனமுள்ள பருத்தி நூலும் 5 மி.மீ. ஊசியும் வாங்கினால் போதும்.

நேரே போர்வையைத் தொடங்கிவிடாதீர்கள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு சதுரம் பின்னித் துவைத்துக் காய வையுங்கள். பருத்தி சுருங்கும். காய்ந்த பிறகு 10 செ.மீ. அகலத்தில் எத்தனை பின்னல் என்று எண்ணுங்கள். 14 இருந்தால் 70 செ.மீ. அகலத்துக்கு 98 வேண்டும். சங்கிலி 99 போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு சங்கிலி போட்டுத் திருப்ப வேண்டும். அந்தச் சதுரத்திலேயே ஒரு பென்சிலை நுழைத்துப் பாருங்கள். எளிதாக நுழைந்தால் ஊசியை ஒரு அளவு குறையுங்கள்.

புதிதாகப் பின்னுபவர்களின் போர்வை பாதியிலேயே குறுகிக்கொண்டு போகும். ஓரத்துப் பின்னலை விட்டுவிடுவதுதான் காரணம். முதல் பின்னலிலும் கடைசிப் பின்னலிலும் வேறு நிற நூல் துண்டை அடையாளமாக மாட்டி வைத்து, வரிசைக்கு வரிசை 98 இருக்கிறதா என்று எண்ணுங்கள். சலிப்பான வேலைதான், பத்து வரிசையைப் பிரிப்பது அதைவிடச் சலிப்பு.

நூல் எவ்வளவு ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. முதல் 100 கிராம் தீர்ந்ததும் உயரத்தை அளந்து பாருங்கள். 20 செ.மீ. வந்திருந்தால் 80 செ.மீ. நீளத்துக்கு 400 கிராம் வேண்டும். மீதியைச் சாய எண் மாறாமல் எடுத்து வைக்கும்படி கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வேறு சாயத்தில் தோய்த்தது என்றால் வெள்ளையில்கூட வித்தியாசம் தெரியும்.

புது நூலை வரிசையின் ஓரத்தில் இணையுங்கள். நுனியை 15 செ.மீ. விட்டு, தையல் ஊசியில் கோத்து, முன்னும் பின்னும் மூன்று தடவை பின்னலுக்குள் ஓட்டி மறையுங்கள். முடிச்சை மட்டும் நம்பினால் துவைக்கத் துவைக்க அவிழும். குஞ்சம், மணி, பொத்தான் எதுவும் வேண்டாம். எல்லாம் வாய்க்குத்தான் போகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும்போது தளர்வான போர்வை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். முகத்தில் ஏறினால் விலக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. உம்மாவின் கைப்பின்னல் ஆயிற்றே என்று இதற்கு மட்டும் விலக்குக் கொடுக்க முடியாது. பிறந்த பிள்ளைக்குப் பரிசாகக் கொடுப்பவர்கள் இதையும் சொல்லிக் கொடுங்கள். விழித்திருக்கும்போது மடியில் போர்த்தலாம், கண் பார்வையில் தரையில் விரித்துக் குப்புறப் போடலாம். தூக்கத்துக்கு ஒரு வயதுக்குப் பிறகுதான்.

துவைத்தபின் கொடியில் தொங்கவிடாதீர்கள். ஈரப் பருத்தி கனத்து, இழுத்து நீண்டுவிடும். துண்டில் சுருட்டித் தண்ணீரை ஒற்றிவிட்டு, நிழலில் பாய்மேல் விரித்துக் காய வையுங்கள்.