கியர் பாக்ஸுக்குள் திமிங்கில எண்ணெய் ஓடியது, தெரியுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வந்துவிட்டால் உப்பளப் பாத்திகள் கண்ணைக் கூசவைக்கும். அந்த வழியே கிளட்ச் மிதிக்காமல் போகிற ஆட்டோமேட்டிக் கார்கள் இப்போது எத்தனை! அவற்றில் பலவற்றின் இதயமான டார்க் கன்வர்ட்டர் முதலில் கப்பலுக்காகப் பிறந்தது தெரியுமா? ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அசுர வேகத்தில் சுற்றும் நீராவி டர்பைனையும் நிதானமாகச் சுற்ற வேண்டிய கப்பல் விசிறியையும் வெறும் திரவத்தால் இணைத்துக் காட்டினார் மனிதர்!

காருக்குள் அந்தத் திரவம்தான் ஏ.டி.எஃப். எனப்படும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட். இன்ஜினின் சக்தியைக் கடத்துவது அதுதான், வால்வுகளை அழுத்தித் தள்ளி கியர் மாற்றுவதும் அதுதான். சூட்டையும் அதுவே சுமந்து போகிறது. பல்சக்கரத்தில் வழுக்க வேண்டும், கிளட்ச் தட்டில் பிடிக்க வேண்டும்! ஒரே எண்ணெய் இரண்டையும் எப்படிச் செய்யும்? அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம் வரை இதற்காகக் கலந்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய்! அந்த இனத்தைக் காக்கத் தடை வந்த பிறகுதான் வேதியியலாளர்கள் மாற்று தேடி ஓடினார்கள். இன்னொன்று: அந்தக் கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் காகித நாரால் ஆன பூச்சு. ஒன்றரை டன் வண்டியைக் காகிதம் இழுக்கிறது!

தண்ணீருக்கு அந்தக் காகிதம் தாங்காது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது இந்தப் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. கியர் பாக்ஸுக்கு மூச்சுவிட ஒரு சிறு துளை உண்டு. வெள்ளத்தில் நின்ற வண்டிக்குள் தண்ணீர் அந்த வழியாகவும் புகும். டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஏ.டி.எஃப். ரோஸ்மில்க் நிறத்தில் வருகிறதா? வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. பூச்சை ஒட்டிய பசை விட்டுப்போகும்.

வெள்ளம் உள்ளே புகுந்து கெடுக்கும். உப்பு வேலை செய்வதோ வெளியிலிருந்து. சமையல் உப்பு காற்றில் 75 சதவீத ஈரப்பதம் இருந்தால்தான் நீர்த்துப்போகும். ஆனால் கடல்நீரிலேயே இருக்கிற மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும்! இந்தக் கடற்கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால் வண்டியின் அடியில் படிந்த உப்புப் படலம் லேசில் காய்வதில்லை, இரவு பகலாக அரிக்கிறது. துருவைச் சோதிக்கிற ஆய்வகப் பெட்டியில் வைக்கும் வெப்பம் எவ்வளவு தெரியுமா? 35 டிகிரி. மரக்காணத்துக் கோடையில் அது சாதாரணம்!

ஆகவே வீட்டில் ஏ.டி.எஃப். மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டிய முதல் ரகசியம்: டிரெயின் போல்ட்டில் கை வைக்காதீர்கள்! எண்ணெய் ஊற்றுகிற போல்ட்டை முதலில் திறந்து பாருங்கள். பழையதை வடித்துவிட்ட பிறகு மேல் போல்ட் துருப்பிடித்துத் திறக்காவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். முந்தின நாளே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, போல்ட்டுகளுக்குத் துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். மணல் தரையில் ஜாக் புதையும். சிமென்ட் தளம்தான் வேண்டும், ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகவே கூடாது.

அதற்கும் முன்னால், உங்களுடையது எந்த ஆட்டோமேட்டிக்? 2014-ல் மாருதி செலேரியோவோடு இந்தியாவுக்கு வந்த ஏ.எம்.டி.யில் டார்க் கன்வர்ட்டரே கிடையாது, உள்ளே இருப்பது சாதாரண கியர் ஆயில். சி.வி.டி. வகை கியர் பாக்ஸுக்கு எண்ணெயே வேறு. கடைக்காரர் சொன்னார் என்று வாங்காமல் வண்டியோடு வந்த புத்தகத்தில் எழுதியிருக்கிற வகையையே கேளுங்கள்.

கியர் பாக்ஸின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டுக்குப் பெயர் பான். அதைக் கழற்றினால் உள்ளே காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். மினுமினுக்கும் சில்லுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் ஓடுங்கள். சில வண்டிகளில் ஃபில்டரும் பானும் ஒரே துண்டாக வரும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியதுதான். பழைய வேட்டித் துணியால் மட்டும் துடைக்காதீர்கள்! ஒரே ஒரு நூல் வால்வில் சிக்கினால் போதும், கியர் விழாது. காற்று பலமாக அடிக்கும் நேரத்தில் திறந்துபோட்டு வேலை செய்யவும் வேண்டாம்.

பானிலிருந்து வடிவது மொத்த எண்ணெயில் ஒரு பங்குதான் என்பது தெரியுமா? மீதி டார்க் கன்வர்ட்டருக்குள் ஒளிந்திருக்கும். வடிந்ததை அளந்து, அதே அளவு புதியதை ஊற்றி, கம்பெனி சொன்ன வெப்பநிலையில் மட்டம் பாருங்கள். பான் போல்ட்டுகளை எதிரெதிராக, மென்மையாக முடுக்க வேண்டும். அலுமினிய மரை போய்விட்டால் செலவு பெரிது.

'லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்' என்பார்கள். நம்பாதீர்கள்! பெரிய பெரிய கார்களுக்கு கியர் பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது.

வடித்த கறுப்பு எண்ணெயை மண்ணில் ஊற்றிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பது பறவைகள் சரணாலயமாக 2021-ல் அறிவிக்கப்பட்ட கழுவெளி. ஊற்றிய டப்பாவிலேயே திருப்பி நிரப்பி, மூடி, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். உரிமம் பெற்ற மறுசுழற்சி ஆலைகளில் அதைச் சுத்திகரித்து மீண்டும் எண்ணெயாக்குகிறார்கள்!