வேனில் முதுமலை போகிறீர்களா?

நம்ம கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, குடும்பத்தோடு வேனில் முதுமலை தேசியப் பூங்காவுக்குப் போகத் திட்டமா? புளிச்சோறு கட்டுவது அப்புறம். முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்க.

முதுமலைக் காட்டுக்குள்ளே மைசூருக்குப் போகும் சாலையை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவிடுவார்கள். ஏன் தெரியுமா? விலங்குகள் பலவும் ராத்திரியில்தான் நடமாடும். ஹெட்லைட் வெளிச்சத்தில் கண் கூசி மான் அப்படியே நின்றுவிடும். வேகமாக வரும் வண்டி அடித்துவிடும்.

இன்னும் சில:

* 2024 மே 7 முதல் நீலகிரிக்குப் போக வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும்.
* காட்டைச் சுற்றிப் பார்க்க வனத்துறை வண்டிதான். நம்ம வேன் கூடாது.
* காட்டுச் சாலையில் இறங்கிச் சமைக்காதீங்க. குரங்குக்குத் தீனி போடாதீங்க.
* தண்ணீருக்கு எவர்சில்வர் தூக்கு போதும்.

சீக்கிரம் கிளம்புங்க, பொழுதோடு சேருங்க. ராத்திரியாவது காடு அதுங்களுக்கு இருக்கட்டுமே!