மனத்திற்கும் மடை வேண்டும்

ராமநாதபுரம் மாவட்டத்தின் வடபகுதியில் உள்ளது இராஜசிங்கமங்கலம். ஆர்.எஸ்.மங்கலம் என்று சொன்னால்தான் பலருக்கும் தெரியும். அவ்வூரின் பெரிய கண்மாயை, 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று அப்பகுதி மக்கள் பெருமையுடன் குறிப்பிடுவர். நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவுக்கு அகன்றது, 48 மடைகளைக் கொண்டது என்பது பொருள். இத்தனை மடைகள் எதற்கு? தேங்கிய நீரை அளவாகப் பிரித்து வயல்களுக்கு அனுப்புவதற்காக. மடைகள் அடைபட்டு, மிகுநீரை வெளியேற்றும் கலுங்கும் தூர்ந்துபோனால் என்ன ஆகும்? அடுத்த பெருமழையில் கரை உடையும். பயிரைக் காக்க வேண்டிய நீரே பயிரை அழித்துவிடும்.

மாணவப் பருவத்து மனமும் இத்தகையதே. மழை பொய்த்து மிளகாய்ப் பயிர் கருகிய வீட்டுக் கவலை, வெளிநாட்டில் வேலை செய்யும் தந்தையைக் காணாத ஏக்கம், கடலுக்குச் சென்ற அண்ணன் கரை திரும்பும்வரை உள்ள அச்சம், இவற்றோடு பொதுத் தேர்வு! இத்தனையும் பதினைந்து வயது மனத்தில் வந்து தேங்குகின்றன. இவை வெளியேற வழி உண்டா? அந்த வழியை அமைத்துத் தருவதே பள்ளிகளில் உளவளத்துணை எனப்படும் பணியாகும். அது எவ்வாறு செயல்படுகிறது, அதனை யார் செய்வது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

படித்தது மறப்பது ஏன்?

தேர்வு அறையில் வினாத்தாளைக் கண்டதும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நேற்று இரவு நன்றாகத் தெரிந்த விடை நினைவுக்கு வரமறுக்கிறது. உங்களுக்கும் இந்த அனுபவம் ஏற்பட்டிருக்கலாம். இது கோழைத்தனமன்று, உடலின் இயல்பான செயல்.

மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பு வடிவில் அமிக்டலா என்னும் சிறு பகுதி இருக்கிறது. ஆபத்தை உணர்ந்து எச்சரிப்பதில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு. இதன் எச்சரிக்கை கிடைத்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும், சற்றுப் பின்னர் கார்ட்டிசாலையும் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருத்தமானது. ஆனால் அல்ஜீப்ராக் கணக்கைப் போடுவதற்கு? சிந்தித்து முடிவெடுக்கும் பணியைச் செய்வது மூளையின் நெற்றிப்புறப் பகுதியாகும். கடுமையான அச்சத்தின்போது அதன் திறன் குறைகிறது. மேலும், இப்பகுதி முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயது ஆகிறது. எனவேதான் பெரியவர்கள் எளிதாக எடுத்துக்கொள்ளும் ஒரு சொல், பதின்வயதினருக்குத் தாங்க முடியாததாகிவிடுகிறது.

அப்படியானால் மன அழுத்தமே கூடாதா? கூடாது என்பதில்லை. 1908-இல் யெர்க்ஸ், டாட்ஸன் என்னும் இரு அமெரிக்க உளவியலார் சுண்டெலிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். எளிய பணியைக் கற்கும்போது தூண்டுதல் மிகுந்தாலும் கெடுதல் இல்லை. கடினமான பணியிலோ, மிதமான தூண்டுதல் பெற்ற எலிகளே விரைவில் கற்றன. தூண்டுதல் மிகுந்தபோது கற்றல் கெட்டது. 'பயமுறுத்தினால்தான் படிப்பான்' என்று எண்ணும் பெற்றோர் இதனைக் கருத்தில் கொள்வது நல்லது.

வகுப்பறையில் எத்தனை பேர்?

இந்தியாவில் 2015-16-இல் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 7.3 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கணித்தது. உங்கள் வகுப்பில் 40 மாணவர்கள் இருந்தால், கணக்குப்படி சுமார் மூன்று பேர். 500 பேர் படிக்கும் பள்ளியில் 36 பேர். சராசரிக் கணக்குதான் எனினும், இவர்கள் எங்கோ இருப்பவர்கள் அல்லர், நம்மோடு அதே பெஞ்சில் அமர்ந்திருப்பவர்கள் என்பது இதனால் விளங்கும். வாழ்நாளில் தோன்றும் மனநலக் குறைகளில் ஏறத்தாழப் பாதி 14 வயதிற்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே இதனைத் தொடக்கத்திலேயே கண்டறிய ஏற்ற இடம் பள்ளிக்கூடமே.

அறிவுரை அன்று

'ஆலோசனை' என்றதும் நம்மில் பலர் அறிவுரை என்றே பொருள் கொள்கிறோம். 'நன்றாகப் படி, கவலைப்படாதே' என்று சொல்ல வீட்டிலும் வெளியிலும் ஆட்கள் நிறைய உண்டு. உளவளத்துணையாளர் செய்வது வேறு. முதலில் அவர் கேட்கிறார். இடைமறிக்காமல், தீர்ப்புக் கூறாமல், கேலி செய்யாமல் கேட்கிறார். பிறகு, 'என்னவோபோல் இருக்கிறது' என்பதை இன்னதென்று பிரித்துக்காண உதவுகிறார். அது அச்சமா? அவமானமா? கோபமா? தனிமையா? உணர்ச்சிக்குச் சரியான பெயரைச் சொல்லும்போது அமிக்டலாவின் கிளர்ச்சி தணிவதை, மூளையைப் படம்பிடித்துச் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. வாய்விட்டுச் சொன்னால் பாரம் குறையும் என்று நம் பாட்டிமார் கூறியது வெறும் ஆறுதல் மொழி அன்று!

அடுத்து, பெரிய சிக்கலைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, இன்று செய்யக்கூடியது எது என்று மாணவரையே கண்டுபிடிக்க வைக்கிறார். 'என் வாழ்க்கையே போய்விட்டது' என்று வந்த மாணவன், 'வேதியியலில் இரண்டு பாடம் புரியவில்லை. அப்பாவிடம் அதைச் சொல்லப் பயமாக இருக்கிறது' என்னும் நிலைக்கு வருகிறான். முதலாவதற்குத் தீர்வு இல்லை, இரண்டாவதற்கு உண்டு.

சொன்னதை வெளியே சொல்லாமல் காப்பது இப்பணியின் உயிர்நாடி. ஆயினும் இதற்கு விதிவிலக்குகள் உண்டு. மாணவரின் உயிருக்கு ஆபத்து என்றால் அவரைக் காக்கக்கூடியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் கொடுமை நடந்திருந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதனைத் தெரிவிப்பது கட்டாயக் கடமை. இவ்வரம்பை முதலிலேயே மாணவரிடம் கூறிவிடுவது நல்ல உளவளத்துணையாளரின் அடையாளம்.

யார் செய்வது?

இது நமக்குப் புதிய கருத்தன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, 1952-53-லேயே பள்ளிகளில் மாணவர்க்கு வழிகாட்டும் அலுவலர்கள் வேண்டும் என்றது. 1964-66-இல் கோத்தாரி கல்விக் குழு, பத்துப் பள்ளிகளுக்கு ஒருவராவது வேண்டும் என்றது. ஆயினும், சிற்றூர்ப் பள்ளிகள் அனைத்திற்கும் பட்டம் பெற்ற உளவியலாரை அனுப்புவது எளிதன்று. அப்படியானால் ஆர்.எஸ்.மங்கலம் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கு வழி என்ன?

இதற்கு விடை தரும் ஓர் ஆய்வு பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் நடைபெற்று, அதன் முடிவு 2018-இல் வெளியாயிற்று. எழுபதுக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவில், உளவியல் பட்டம் இல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் பள்ளியில் இப்பணிக்கென்றே அமர்த்தப்பட்டார். மற்றொரு பிரிவில் அதே பணி அப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்றாம் பிரிவில் இந்த ஏற்பாடு இல்லை. குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, குழு உரையாடல், தேவைப்படுவோர்க்குத் தனிச் சந்திப்பு ஆகியவை இத்திட்டத்தின் கூறுகள்.

முடிவு என்ன? பயிற்சி பெற்ற தனி ஆள் இருந்த பள்ளிகளில் மாணவரிடையே மனச்சோர்வும், ஒருவரையொருவர் துன்புறுத்துவதும் குறைந்தன. பள்ளிச் சூழல் மேம்பட்டது. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை! ஆசிரியர்க்கு அன்பு இல்லை என்பதன்று இதன் பொருள். பாடம், திருத்தம், பதிவேடு என்று அவருக்கு வேலை மிகுதி. மேலும், மதிப்பெண் போடும் கையிடமே மனத்தைத் திறந்து காட்ட எந்த மாணவரும் தயங்குவார் என்று நாம் கருதலாம். ஆக, பள்ளிக்கு முதலில் வேண்டியது பெரிய பட்டம் அன்று. கேட்பதற்கென்றே நேரமும் பயிற்சியும் உள்ள ஒருவர்.

கரையைச் சீர்செய்வதும் கடமை

மாணவரை மட்டும் சீர்செய்தால் போதாது. அழுத்தம் எங்கிருந்து வருகிறதோ அதனையும் சீர்செய்தல் வேண்டும். தமிழகத்தில் பொதுத் தேர்வுகளுக்கு மாநில அளவில் முதல், இரண்டாம் இடம் அறிவிக்கும் முறை 2017-இல் கைவிடப்பட்டது. தேர்வில் தவறியோர் ஓராண்டை வீணாக்காமல் உடனே எழுதத் துணைத் தேர்வு உண்டு. தோல்வியே முடிவன்று என்பதைச் சொற்பொழிவை விட இந்த ஏற்பாடு நன்றாக உணர்த்துகிறது. 2021-இல் பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க அரசு ஆணையிட்டது; அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்னும் பெட்டியும் வைக்கப்பட்டது. ஆனால் பெட்டி பேசாது. அதைத் திறந்து படித்து, எழுதிய பிள்ளையைக் கண்டு பேச ஒருவர் இருந்தால்தான் அதற்குப் பயன்.

மருத்துவரிடம் செல்ல வேண்டியது எப்போது? தூக்கமின்மை, பசியின்மை, நண்பர்களிடமிருந்து ஒதுங்குதல், முன்பு விரும்பிய விளையாட்டிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைக் காண்பது நன்று. இறந்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தாலோ, ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. 1996-இல் நாட்டில் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டம் இத்தகைய உதவியை மாவட்ட மருத்துவமனை அளவிற்குக் கொண்டுவந்துள்ளது.

வெட்கப்பட்டு மறைத்தால் என்ன நேரும் என்பதை இதே ராமநாதபுரம் மாவட்டம் அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டனர். மனநோயும் காய்ச்சலைப் போல் மருத்துவம் தேவைப்படும் ஒரு நோயே என்பதை நாடு மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்ற நாள் அது.

நீங்கள் என்ன செய்யலாம்?

பத்து ஐரோப்பிய நாடுகளில் 11,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடையே நடைபெற்ற ஓர் ஆய்வின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. மனநலத்தைப் பற்றி மாணவர்களே நடித்தும் விவாதித்தும் அறிந்துகொண்ட பள்ளிகளில், ஓராண்டிற்குப் பின் தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. எனவே இதைப் பற்றிப் பேசினால் விபரீத எண்ணம் தோன்றிவிடும் என்று அஞ்ச வேண்டாம். பேசுவதே காப்பு.

உங்கள் நண்பன் சில நாட்களாக மௌனமாக இருக்கிறானா? அருகில் சென்று, 'என்னடா, எதுவும் கஷ்டமா?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். அறிவுரை கூற அவசரப்படாதீர்கள். செய்தி பெரிதாக இருந்தால், 'யாரிடமும் சொல்லாதே' என்று அவன் சொன்னாலும், நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் அவனையும் அழைத்துச் செல்லுங்கள். 2022 முதல் அரசு நடத்திவரும் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

கண்மாய்க் கரையில் சிறு கசிவைக் கண்டவர் ஊராரை அழைப்பார். தமக்கென்ன என்று போய்விட மாட்டார். பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் நண்பனின் மனமும் அத்தகைய கரையே.