சட்டம் பயில்வோர் தமக்குரிய நிறுவனத்தை ஆராய்ந்து தேறுதல்

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்து, அரசன் தனக்கு வினை செய்வோரை எவ்வாறு ஆராய்ந்து கொள்ள வேண்டும் என்பதைப் பத்துக் குறளில் உரைத்துள்ளார். வினை செய்யப் புகுவோர் தம் தலைவரை எவ்வாறு ஆராய்வது என்பதற்கு அவர் தனியே ஓர் அதிகாரம் வகுத்தாரல்லர். எனினும், சட்டக் கல்வியை முடித்துத் தொழிலிற் புகும் இளைஞர்க்கு இக்காலத்தில் பெரிதும் வேண்டப்படுவது அவ்வாராய்ச்சியே. நம் கல்லூரியில் பி. ஏ. பட்டம் பெற்றபின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பை நாடிச் செல்லும் நண்பர்க்குப் பயன்படுமாறு, அதுபற்றிச் சில கூறத் துணிகின்றோம்.

தேனாம்பேட்டையில் எல்டாம்ஸ் சாலை, செனடாப் சாலை முதலிய வீதிகளில் நடந்து செல்வோர், வாயிற்சுவர்களில் வழக்கறிஞர் பெயர் பொறித்த பலகைகளைக் காண்பர். பெயரும் பட்டமும் அன்றி வேறொன்றும் அவற்றில் இராது. மருந்துக் கடையும் துணிக்கடையும் தம் பெருமையைத் தாமே விளம்பரஞ் செய்யும் இந்நகரில், வழக்கறிஞர் மட்டும் ஏன் இவ்வாறு மௌனஞ் சாதிக்கின்றனர் என ஐயுறுவார்க்கு விடை இந்திய பார் கவுன்சிலின் ஒழுக்க விதிகளில் உள்ளது. அவற்றுள் 36-ஆம் விதி, வழக்கறிஞர் நேராகவோ மறைமுகமாகவோ விளம்பரஞ் செய்து வேலை தேடுதலைத் தடுக்கின்றது. பெயர்ப்பலகை அளவுக்கு மிஞ்சியதாய் இருத்தல் ஆகாது. இன்ன வகை வழக்கில் வல்லவர் என்று அதில் எழுதுதலும் ஆகாது. 2008-ஆம் ஆண்டில் இவ்விதி சிறிது தளர்த்தப்பட்டு, பெயர், முகவரி, பதிவெண், கல்வித் தகுதி, தொழில் புரியும் துறை ஆகியவற்றை மட்டும் இணையதளத்தில் வெளியிட இசைவு தரப்பட்டது. அவ்வெல்லையை மீறி இணைய வணிகத் தளங்களின் வழியாக விளம்பரஞ் செய்வோர்மீது நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூலை மாதத்தில் பார் கவுன்சிலுக்கு ஆணையிட்டது.

இவ்விதி கட்சிக்காரரின் நன்மைக்காக ஏற்பட்டது. ஆயினும், வேலை தேடும் மாணவர்க்கு இதனால் ஓர் இடர் விளைகின்றது. அமெரிக்க நாட்டில் சட்ட நிறுவனங்கள் தம்மிடம் உள்ள வழக்கறிஞர் எத்துணைப் பேர், புதியவர்க்கு ஊதியம் யாது என்பன போன்ற செய்திகளை ஒரே வகையான படிவத்தில் நிரப்பித் தருகின்றன. 1971-இல் அங்கே தோன்றிய சட்ட வேலைவாய்ப்புச் சங்கம் ஒன்று அவற்றைத் தொகுத்து வெளியிடுகின்றது. மாணவர் அதனைப் பார்த்து, எவரெவரிடம் நேர்முகத் தேர்வுக்குச் செல்வது என முடிவு செய்கின்றனர். நம் மாணவர் கையில் அத்தகைய நூல் இல்லை. ஆகவே, பெயர்ப்பலகை சொல்லாததைத் தாமே தேடி அறிதல் அவர் கடமை ஆகின்றது.

முற்காலத்தில் இவ்விடர் பலர்க்கும் தோன்றவில்லை. தோன்றியவர்க்கு வழியும் இருக்கவில்லை. எல்டாம்ஸ் சாலையில் ‘தி குரோவ்’ என்னும் மாளிகையில் வாழ்ந்த ஸர் ஸி. பி. ராமசாமி ஐயர் 1903-இல் வக்கீல் தொழிலிற் புகுந்தார். அவர் தந்தையார் நீதிபதியாய் விளங்கியவர். அத்தகைய இல்லங்களிற் பிறந்தார்க்குத் தக்க சீனியரைக் காட்டித் தர உறவினரும் நண்பரும் இருந்தனர். திருமண வீட்டில் ஒரு சொல், கோயில் வாயிலில் ஒரு பரிந்துரை, அவ்வளவே வேண்டியிருந்தது. அவ்வாறு புகுந்தோருள் பேரறிஞர் பலர் இருந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நெசவாளர் மகனுக்கும், மீனவர் மகளுக்கும், கிராமத்து ஆசிரியரின் பிள்ளைகளுக்கும் அக்கதவு திறக்கவில்லை. இன்று சட்டக் கல்லூரிகளில் பயில்வோருள் குடும்பத்தில் முதன்முதலாகக் கறுப்பங்கி அணியப்போகும் மாணவர் பலர் உளர். அவர்க்கு உறவினர் செய்ய வேண்டிய உதவியைத் தம் ஆராய்ச்சியே செய்தல் வேண்டும். இக்கட்டுரையின் கருத்து இதுவே.

ஆராய்ச்சியின் முதற்படி தம்மைத் தாம் அறிதல். வழக்கறிஞர் தொழில் ஒன்றாகத் தோன்றினும், வேலை பலவகைப்படும். ஒரு சீனியரின் அறையில் சேர்பவர் நாள்தோறும் நீதிமன்றஞ் சென்று, மனு வரைந்து, கட்சிக்காரருடன் பேசிப் பழகுவர். பங்காளிகள் பலர் கூடி நடத்தும் நிறுவனத்தில் சேர்பவர் ஒப்பந்தம் வரைதல், நிலத்தின் உரிமைப் பத்திரங்களைச் சோதித்தல், கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்கும்போது கணக்கையும் கடனையும் ஆராய்தல், காப்புரிமைக்கு விண்ணப்பித்தல் ஆகியவற்றில் ஈடுபடுவர். அவருட் சிலர் ஆண்டு முழுதும் நீதிமன்றப் படி ஏறாதிருத்தலும் கூடும். வாதிக்க விழைந்தவர் ஒப்பந்தம் வரையும் இடத்திற் சேர்ந்து மனம் வாடுதலும், தனித்திருந்து எழுத விரும்புபவர் ஆரவாரமான அறையிற் சேர்ந்து சோர்தலும், நிறுவனத்தின் குற்றமல்ல. ஆராயாது சேர்ந்ததன் பயன்.

இரண்டாம் படி, எவரும் காணக்கூடிய ஏடுகளைப் படித்தல். சென்னைத் தீர்ப்புகள் ‘இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்’ வரிசையில் 1876 முதலும், ‘மதராஸ் லா ஜர்னல்’ இதழில் 1891 முதலும் அச்சாகி வந்துள்ளன. இக்காலத் தீர்ப்புகள் உயர்நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. மாணவர் தீர்ப்பின் சாரத்தைப் படிப்பர். முதற்பக்கத்தில் இருபுறமும் வாதித்த வழக்கறிஞரின் பெயர்களைப் படிப்பார் அரியர். விளம்பரம் விலக்கப்பட்ட தொழிலில் அப்பெயர்வரிசையே பொய் சொல்லாத விளம்பரம். ஒரு நிறுவனத்தின் பெயரைக் கொண்டு மூன்றாண்டுத் தீர்ப்புகளில் இருபதை எடுத்துப் பார்த்தால், அவர்கள் நடத்துவன நில வழக்குகளா, வரி வழக்குகளா, தொழிலாளர் வழக்குகளா என்பது விளங்கும். தொழிலாளர் வழக்காயின், தொழிலாளி பக்கமா முதலாளி பக்கமா என்பதும் விளங்கும். இது மனச்சான்று பற்றிய கேள்வி. சேர்ந்தபின் கேட்பதினும் சேருமுன் கேட்டல் நன்று.

அப்பெயர்வரிசையில் மற்றொரு செய்தியும் உண்டு. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்படி ‘மூத்த வழக்கறிஞர்’ எனச் சிறப்பிக்கப்பட்டவர் தாமே வக்காலத்து தாக்கல் செய்தல் இயலாது. மற்றொரு வழக்கறிஞர் வழக்கை ஆயத்தஞ் செய்து தர, அவர் வாதிப்பார். எனவே, ஒரு நிறுவனம் எப்போதும் மூத்த வழக்கறிஞரை அமர்த்தியே வாதிக்கின்றதா, தன் இளைஞர்க்கும் எழுந்து பேச இடந் தருகின்றதா என்பது அங்கே புலனாகும். நாள்தோறும் வெளியாகும் வழக்குப் பட்டியலும் இதற்குத் துணை செய்யும். நிறுவனத்தின் பங்காளிகள் யாவர் என்பதை அறிய வேண்டின், 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு செய்த நிறுவனங்களின் பதிவேட்டை உரிய கட்டணஞ் செலுத்தி எவரும் பார்வையிடலாம். தந்தையும் மகனும் மட்டும் பங்காளிகளாய் இருக்கும் நிறுவனத்தில், புறத்தே இருந்து வருவோர் எவ்வளவு உயரலாம் என்பதை மாணவரே ஊகித்துக் கொள்க.

மூன்றாம் படி நேரிற் காண்டல். 1891-இல் நிறுவப்பட்ட சென்னைச் சட்டக் கல்லூரி நெடுங்காலம் உயர்நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது. வகுப்பு முடிந்தவுடன் மாணவர் நீதிமன்றத்துட் சென்று, எவர் நன்கு வாதிக்கின்றார், எவர் தம் ஜூனியரை மதிக்கின்றார் என்பதைக் கண்ணாரக் கண்டனர். 2018-இல் அக்கல்லூரி திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டறைப்பெரும்புதூருக்கும், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய புதுப்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டது. இடவசதி பெருகிற்று, காட்சி வசதி குறைந்தது. ஆகையால் இன்றைய மாணவர் விடுமுறை நாட்களை இதற்கென ஒதுக்குதல் வேண்டும். 2019 முதல் தேனாம்பேட்டை மெட்ரோ நிலையத்தில் ஏறி, வண்டி மாறாமலே உயர்நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். தேனாம்பேட்டையில் உள்ள அலுவலகத்தைக் காலையிலும், அவ்வலுவலகத்தார் வாதிக்கும் நீதிமன்றத்தை முற்பகலிலும் ஒரே நாளிற் கண்டு வருதல் எளிதாயிற்று.

கண்டறிவதற்குச் சட்டப்படியே ஒரு வாயிலும் உண்டு. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் மாணவர் வெளியே பயிற்சி பெறுதல் வேண்டும் என்கின்றன. ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேற்படலாகாது. பலர் இதனைச் சான்றிதழ் பெறும் சடங்காகக் கழிக்கின்றனர். அறிவுடையோர் முதலாண்டில் மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரிடமும், அடுத்த ஆண்டில் உயர்நீதிமன்ற அறையிலும், இறுதியாண்டில் பங்காளிகள் நடத்தும் நிறுவனத்திலும் என அவ்வாரங்களைப் பங்கிடுவர். அங்கே கவனிக்க வேண்டியவை சில. இளைஞர் எழுதிய வரைவைத் திருத்தித் தருகின்றனரா, அன்றிக் குப்பையில் இடுகின்றனரா? மாலை ஏழு மணிக்குமேல் அலுவலகத்தில் இருப்போர் யாவர்? மூன்றாண்டுக்கு முன் சேர்ந்தவர் இன்னும் உளரா? இவற்றை எந்த இணையதளமும் கூறாது.

நான்காம் படி, அவ்விடத்தை விட்டு நீங்கியவரை வினவுதல். அங்கே இருப்பவர் புகழ்வர், அது மரியாதை. நீங்கியவர் சிலபோது பழிப்பர், அது மனக்குறை. ஆகையால் “நல்ல இடமா?” என்று கேட்டல் வீண். “முதலாண்டில் நீர் செய்த வேலை யாது? உம் பெயரில் தாக்கலான வழக்கு ஒன்றாவது உண்டா? சம்பளம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது?” என உண்மை நிகழ்ச்சிகளைக் கேட்டல் தகும். இருவர் மூவர் ஒரே விடை தந்தால் அதனை நம்பலாம்.

நாம் அறிந்த மாணவர் ஒருவர் இவற்றுள் ஒன்றும் செய்யாது, கண்ணாடிச் சுவரும் குளிர்ந்த கூடமும் கண்டு மயங்கி ஒரு நிறுவனத்திற் சேர்ந்தார். பதினான்கு மாதம் கோப்புகளை எண்ணிட்டு அடுக்கி, வாய்தா கேட்க மட்டும் நீதிமன்றஞ் சென்று வந்தார். பின்னர் ஒருநாள் நீதிபதி வழக்கின் பொருள்பற்றி ஒரு கேள்வி கேட்டபோது, விடை கூற நாவெழாமல் நின்றார். “படித்ததனைத்தும் மறந்தேன்” என்று அவர் எம்மிடங் கூறியபோது, இழந்தது பதினான்கு மாதம் மட்டுமன்று, தம்மேல் வைத்த நம்பிக்கையும் என்பதை உணர்ந்தோம். அவரோடு பயின்ற பெண்மணி ஒருவர், மாடிப்படிக்கடியில் இரண்டே மேசை உள்ள ஓர் அறையைத் தீர்ப்புகளின் முதற்பக்கம் வாயிலாகவே கண்டுபிடித்துச் சேர்ந்தார். ஓராண்டுக்குள் சிறு வழக்குகளைத் தாமே நடத்தினார். சிறிய இடமெல்லாம் நல்லவை, பெரியவையெல்லாம் தீயவை என்பது எம் கருத்தன்று. கட்டிடத்தின் அளவு கல்வியின் அளவாகாது என்பதே.

இவ்வாறு ஆராய்ந்தபின், இருபது பெயரை எழுதி, வேலையின் தன்மை, கற்பிக்கும் வழக்கம், ஊதியம், செல்லுந் தொலைவு என நான்கு பத்தி வகுத்து, அவற்றுள் ஐந்தாறு பெயரைத் தெரிந்தெடுத்தல் நலம். ஒரே கடிதத்தை நூறு இடத்துக்கு அனுப்புதலினும், “தாங்கள் நடத்திய இன்ன வழக்கின் தீர்ப்பைப் படித்தேன், அத்துறையிற் பயில விரும்புகிறேன்” என ஐந்து இடத்துக்கு எழுதுதல் பயன் தரும். நேர்முகத் தேர்விலும் அவ்வாராய்ச்சியே துணை நிற்கும், “எம்மிடம் ஏன் வந்தீர்?” என்ற வினாவுக்குப் புகழ்ச்சியால் அன்றிச் செய்தியால் விடையிறுக்கலாம்.

வினவும் உரிமை மாணவர்க்கும் உண்டு. ஊதியத்தைப் பற்றிக் கேட்டல் நாகரிகம் அன்று எனப் பலர் நாணுகின்றனர். நாணத்தால் வாடகை தீராது. இளம் வழக்கறிஞர்க்குச் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் மாதம் ரூ. 20,000-மும் பிற இடங்களில் ரூ. 15,000-மும் குறையாமல் அளிக்குமாறு சுற்றறிக்கை விடும்படி, 2024 ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு ஆணையிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகர்ப்புறத்துக்கும் கிராமப்புறத்துக்கும் முறையே அவ்விரு தொகைகளையே பரிந்துரை செய்தது. இவற்றைச் சுட்டிப் பணிவுடன் கேட்டல் குற்றமாகாது. பெண்மக்கள் மற்றொன்றும் கேட்கத் தகும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில், பாலியல் தொல்லை பற்றிய முறையீட்டை விசாரிக்க உட்குழு அமைத்தல் வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சட்டத்தையே தொழிலாகக் கொண்டவர் அச்சட்டத்தை மதித்துள்ளனரா என வினவுதல் முறையே.

ஆராயாமல் ஒருவரைத் தெளிதலும், தெளிந்தபின் அவரை ஐயுறுதலும் தீராத துன்பந் தரும் என்பது அவ்வதிகாரத்தின் முடிந்த கருத்து. ஆராய்ச்சி முழுதும் சேருமுன் நிகழ்க. சேர்ந்தபின் உழைப்பு நிகழ்க. சான்றோரை அறியும் நல்வாய்ப்பு ஒருகாலத்தில் பிறப்பினால் வந்தது. இன்று தீர்ப்பின் முதற்பக்கத்தைப் பொறுமையுடன் படிக்கும் எவர்க்கும் அது கைகூடும். நம் மாணவர் அதனைக் கைவிடாதிருப்பாராக.