சம்பல் தரும் வகுப்பறைப் பாடம்

சென்ற ஆண்டு என் எட்டாம் வகுப்பில் இரு மாணவர்கள் சண்டையிட்டனர். அடித்தவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். மாலையில் அது தெருச் சண்டையானது. அவன் ஏன் அடித்தான் என்று நான் கேட்கவே இல்லை.

தண்டனை சண்டையை நிறுத்தும்; பகையைத் தீர்க்காது. இதைப் பெரிய அளவில் காட்டுவது சம்பல் பள்ளத்தாக்கு. மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் எல்லையிலுள்ள அப்பகுதியைக் கொள்ளையர்கள் நெடுங்காலம் அச்சுறுத்தினர். நிலத் தகராறும் குடும்பப் பகையும் பலரைத் துப்பாக்கி ஏந்த வைத்தன. ஒரு கூட்டம் அழிந்தால் இன்னொன்று முளைத்தது.

1960-இல் வினோபா பாவே அங்கு நடைப்பயணம் மேற்கொண்டார். 20 பேர் சரணடைந்தனர். ஆனாலும் கொள்ளை ஓயவில்லை. 1971-இல் மாதோ சிங் என்ற கொள்ளைத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணனைத் தேடி வந்தார். ஜே.பி. அரசுகளுடன் பேசி வழிவகுத்தார். தூக்குத் தண்டனை இல்லை. ஆனால் குற்றத்தை ஏற்றுச் சிறை செல்ல வேண்டும். குடும்பங்களுக்கு மறுவாழ்வு உண்டு. 14.4.1972 அன்று ஜோராவில் காந்தியடிகள் படத்தின் முன் ஆயுதங்கள் வைக்கப்பட்டன. எஸ்.என். சுப்பாராவ் அங்கேயே ஆசிரமம் அமைத்துப் பணியைத் தொடர்ந்தார்.

இதற்கு மாறான அனுபவமும் நம் மாநிலத்தில் உண்டு. 20.6.1992 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சந்தனக் கடத்தல் சோதனை என்று சென்ற அரசுப் பணியாளர்கள் ஊர் மக்கள் மீதே கொடுமை இழைத்தனர். அவர்களுக்குத் தண்டனை கிடைக்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிலரின் குற்றத்துக்கு ஊரையே குற்றவாளியாக்கினால் அங்கு அமைதி வராது.

இவற்றிலிருந்து வகுப்பறைக்கு நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை:

1. இரு தரப்பையும் தனித்தனியே கேட்போம், பாதிக்கப்பட்டவரை முதலில்.
2. ஒருவர் தவறுக்கு வகுப்பு முழுவதையும் தண்டிக்க வேண்டாம்.
3. தவறு செய்தவர் அதை ஏற்று, இழப்பை ஈடுசெய்யட்டும்.
4. ஒரு வாரம் கழித்து மீண்டும் விசாரிப்போம்.

மறுநாள் அந்த மாணவனிடம் காரணம் கேட்டேன். அண்ணன் தறிக்கூலியில் வாங்கித் தந்த கிரிக்கெட் மட்டையை மற்றவன் உடைத்துவிட்டு, வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை என்றான். உடைத்தவன் மன்னிப்புக் கேட்டு, மட்டையைச் சரிசெய்து தந்தான். அடித்தவனும் அடித்ததற்கு வருந்தினான். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது இருவரும் ஒரே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

– பட்டதாரி ஆசிரியர் (சமூக அறிவியல்), ஏனாத்தூர், காஞ்சிபுரம் மாவட்டம்