விரியாத ஸ்டென்ட்டுக்கு லேசர் சிகிச்சை

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் அடைப்பு ஏற்பட்டால், பலூனை உள்ளே விரித்து, ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழாயைப் பொருத்துவது வழக்கம். சிலருக்கு அந்த ஸ்டென்ட் முழுதாக விரிவதில்லை. தமனிச் சுவரில் படிந்து இறுகிய கால்சியமே இதற்குப் பெரும்பாலும் காரணம் ஆகும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் சுண்ணாம்புக்கல் நிறைந்த பகுதி. அந்தக் கல் கால்சியம் கார்பனேட். தமனியில் படிவதோ எலும்பில் உள்ளதைப் போன்ற கால்சியம் பாஸ்பேட். ஆகவே சுண்ணாம்புச் சத்துள்ள கிணற்று நீரைக் குடிப்பதால் தமனி இறுகுகிறது என்று எண்ண வேண்டாம். முதுமை, நீரிழிவு, நாட்பட்ட சிறுநீரக நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றோடு தொடர்புடையது அது.

அரைகுறையாக விரிந்த ஸ்டென்ட்டில் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம்; மீண்டும் அடைப்பும் ஏற்படலாம். பதிந்த ஸ்டென்ட்டை எளிதில் வெளியே எடுக்க முடியாது. பலூனின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தமனி கிழியக்கூடும்.

இங்கேதான் எக்சைமர் லேசர் உதவுகிறது. செனான் குளோரைடு வாயுவிலிருந்து பிறக்கும் 308 நானோமீட்டர் புறஊதாக் கதிர், மெல்லிய குழாய் வழியாகச் சிறுசிறு துடிப்புகளாகச் செலுத்தப்படுகிறது. அது ஸ்டென்ட்டின் உலோகத்தை உருக்குவதில்லை. சாதாரணமாக லேசர் செலுத்தும்போது உப்புநீரைப் பாய்ச்சி இரத்தத்தை விலக்குவார்கள். விரியாத ஸ்டென்ட்டுக்குள் மட்டும், வேண்டுமென்றே எக்ஸ்ரே சாயத்தைச் செலுத்துவதுண்டு. சாயம் கதிரை உறிஞ்ச, நுண்குமிழிகள் தோன்றி வெடிக்கின்றன. அந்த அதிர்வு கம்பிகளுக்குப் பின்னாலுள்ள இறுகிய படிவைத் தளர்த்துகிறது. பிறகு பலூன் விரிகிறது. 2014இல் வெளியான எலிமென்ட் ஆய்வில் 28 நோயாளிகளில் 27 பேருக்கு இது பலித்தது. சிறிய ஆய்வுதான்; தமனி கிழிதல், துளைபடுதல் போன்ற ஆபத்துகளும் உண்டு.

இந்த லேசரின் கதையில் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் ஆகியோருடன் பணியாற்றினார். 1981 நவம்பரில், விருந்தில் மீந்த வான்கோழி இறைச்சியின்மேல் எக்சைமர் லேசரைச் செலுத்தியபோது, சுற்றுப்புறம் கருகாமல் திசு துல்லியமாக வெட்டுப்பட்டது. கண் பார்வைத் திருத்தத்துக்கும் அதுவே அடிப்படை.

அதிர்வலைப் பலூன், சுழலும் வைரமுனைக் கருவி ஆகியவையும் இறுகிய கால்சியத்தை உடைக்கப் பயன்படுகின்றன. தமனிக்குள் படமெடுத்துப் பார்த்து, ஸ்டென்ட் வைக்கும் முன்பே கால்சியத்தைத் தளர்த்திவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.