கூரையின் உஷ்ணமும் குடியிருப்போர் உரிமையும்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களில், மண்சுவர் எழுப்பிப் புல் வேய்ந்த பழைய வீட்டுக்கு அருகிலேயே சர்க்கார் உதவியால் எழுந்த தொகுப்பு வீடும் நிற்கக் காணலாம். மழைக்கும் நெருப்புக்கும் அஞ்சாத உறுதி பின்னதற்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை எனினும், சித்திரை மாதத்து இரவில் அதனுள் உறங்குவது எத்தகைய கஷ்டம் என்பதைக் குடியிருப்போரே அறிவர்.

பகல் முழுதும் சூரிய கிரணங்களை வாங்கிய காங்கிரீட் தளம், அவ்வுஷ்ணத்தைத் தன்னுள் சேமித்து, பொழுது சாய்ந்த பின்னும் நெடுநேரம் கீழ்நோக்கி வீசிக்கொண்டிருப்பது அதன் சுபாவம். புற்கூரையோ தன் தாள்களிடையே அடைபட்ட காற்றினாலேயே வெப்பத்தைத் தடுக்கிறது. பசுஞ்செடி படர்ந்த கூரை அதனினும் ஒருபடி மேலாக, இலைகளால் நிழல் தருவதோடு, வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக்குவதில் லிட்டருக்கு ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தைச் செலவழித்துவிடுகிறது. கோடையில் சாதாரணக் கூரையைவிடப் பசுங்கூரையின் உஷ்ணம் 17 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை குறைந்திருக்கக்கூடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணிப்பு.

ஆயினும், இதைக் கேட்ட உற்சாகத்தில் தளத்தின்மீது மண்ணைக் கொட்டிவிடலாகாது. 10 சென்டிமீட்டர் மண் மழையில் ஊறினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 180 கிலோ கனக்கும். ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கே இந்தியத் தர நிர்ணயம் கொள்ளும் பாரம் 150 கிலோதான். நீர் கசிந்து உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்குமானால், வீடே ஆபத்துக்குள்ளாகும்.

சுரையையும் பரங்கியையும் கூரைமேல் ஏற்றிவிடும் நம் பழைய வழக்கமே இதற்கு உத்தமமான பரிகாரம் என்பேன். வேர் தரையில் இருக்க, தளத்துக்கு ஒரு முழம் மேலே இறுகக் கட்டிய மூங்கில் பந்தலில் கொடி படர்ந்தால், நிழலும் உண்டு, இடையே காற்றோட்டமும் உண்டு; பாத்திரம் கழுவிய நீரை அதன் அடியில் விட்டாலே போதும். தண்ணீர்ப் பஞ்சத்தில் கொடி காய்ந்துபோகும் இடங்களில், தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது பூச வேண்டும்.

பந்தலுக்கு வேண்டிய மூங்கிலைச் சேகரிக்க, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு உரிமை அளித்திருக்கிறது. மூங்கிலைப் போலவே கூரைப்புல்லும் அச்சட்டத்தில் அடங்கும் மரமல்லாத வன விளைபொருளே. இச்சமூக உரிமைக்கான மனுவைக் கிராம சபையில் கொடுக்க வேண்டும்; அங்கே பாதகமான முடிவு ஏற்பட்டால் 60 நாட்களுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். புதிதாக வீடு பெறுவோரைப் பொறுத்தவரை, பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில் ஒப்பந்தக்காரருக்கு இடமில்லை, பயனாளியே கட்டுவிக்க வேண்டும் என்பது விதி. ஆகையால் வெப்பத்தைத் தடுக்கத் தளத்தின்மேல் சுர்க்கிக் கலவையிட்டுத் தட்டோடு பதிப்பதைப் பற்றிக் கட்டும்போதே பேசிக்கொள்ளலாம். இந்த உஷ்ணம் அற்பமானதன்று என்பதற்குச் சான்றாக, வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024இல் அறிவித்து, அதனால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணத்துக்கும் வழி செய்திருக்கிறது.

மே 1ஆம் தேதி கூடும் கிராம சபையில் கூரையின் உஷ்ணத்தையும் மூங்கில் உரிமையையும் பற்றிய இவ்விஷயத்தை எழுப்பி, தீர்மானப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்.